பழுப்பு முனை

பாலூட்டிகளின் காலம் என்று பெயரை மட்டும் பெரிதாக வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தைக் கூறுபோடுவது யானையும் இல்லை, குதிரையும் இல்லை. கடலடிச் சேற்றில் கிடக்கும், கடுகில் பாதிகூடத் தேறாத உயிர்களின் ஓடுகள்தான். அந்த ஓடுகளை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, நாலு முடி மட்டும் இருக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கித்தான் என் கழுத்து இப்படி ஆகிப்போனது. நீங்க டைனோசர் தோண்டுற ஆளா என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். டைனோசர் செத்து ஒழிந்த பிறகுதான் என் கடையே திறக்கிறது.

பெயர்களைச் சொன்னால் பெரிய விஷயம் போல இருக்கும். பேலியோசீன், இயோசீன், ஒலிகோசீன், மயோசீன், பிளியோசீன், பிளைஸ்டோசீன், ஹோலோசீன். அர்த்தம் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பழைய புதுசு, விடிகாலைப் புதுசு, கொஞ்சூண்டு புதுசு, குறைச்சல் புதுசு, கூடுதல் புதுசு, ரொம்பப் புதுசு, முழுப் புதுசு. அவ்வளவுதான் சங்கதி. சோப்பு விற்கிறவன்கூட இதைவிட நல்ல பெயராக வைப்பானே அண்ணி என்று என் கொழுந்தன் ஒருநாள் சொன்னான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நான் பொறுக்கி வைத்திருந்த ஓடெல்லாம் மூச்சுக்காற்றில் பறந்துபோய்விட்டது. அவனைத் திட்டிக்கொண்டே மறுபடி பொறுக்கினேன்.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் வீட்டுக்காரர் மூத்தவர், நடுவில் ஒரு நாத்தனார், மூன்றாவது அவன். பழைய பாடப்புத்தகங்களில் பாலூட்டிகளின் காலத்தில் பெரும்பகுதிக்கு டெர்ஷியரி என்று பெயர் இருக்கும். மூன்றாவது என்று பொருள். முதலாவது, இரண்டாவது என்ற பெயர்களெல்லாம் எப்போதோ வழக்கொழிந்துபோக, மூன்றாவது மட்டும் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எங்கள் ஆய்வு நிலையத்தில் அண்ணனுக்குக் கீழே ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வாரமே அவன் அதைத் தனக்குச் சூட்டிக்கொண்டான். நானும் டெர்ஷியரி என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

பின்னால் அந்தப் பெயரை அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த நாலாவதையும், அதாவது குவாட்டர்னரியையும், எடுக்கத்தான் பார்த்தார்கள். அதற்குச் சண்டை போட ஆட்கள் இருந்தார்கள், பிழைத்துக்கொண்டது. மூன்றாவதுக்காகச் சண்டை போட அவ்வளவு பேர் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது.

அவன் எங்களோடுதான் இருந்தான். எங்களுடையது பிள்ளை இல்லாத வீடு, அவன் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வீட்டில் உள்ள சாமானுக்கெல்லாம் காலம் குறித்து வைத்திருந்தான். பரண் பேலியோசீன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சேர்ந்திருக்கும் தூசி பிளியோசீன். அண்ணனுடைய பழைய செருப்பு எந்தக் காலம் என்று கேட்டால், அதற்கு இன்னும் கமிட்டி கூடவில்லை என்பான். எதையும் தூக்கி எறியமாட்டான். ஒரு சாண் கயிறு, மூடி தொலைந்த பேனா, உடைந்த சல்லடை, எல்லாம் எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்பான். நான் வீட்டைப் பெருக்கும்போது அவனைத் திட்டாத நாளே கிடையாது.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் தொழில் பாறைக் காந்தம். நிலையத்தில் இவருக்குப் பெயரே காந்தம்தான், யாரையும் ஒட்டவிடாத காந்தம் என்று முதுகுக்குப் பின்னால் சேர்த்துச் சொல்வார்கள். விஷயம் இதுதான். சேறு படிந்து பாறையாகும்போது அதில் உள்ள இரும்புத் துகள்கள், அன்றைக்கு வடக்கு எங்கே இருந்ததோ அந்தப் பக்கம் பார்த்தபடி இறுகிப்போகும். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பல லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளும். எந்த அடுக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழிருந்து மேலே வரிசையாகப் பார்த்தால் காலக்கணக்கு பிடிபட்டுவிடும். அதற்காகப் பாறை முகத்தில் படுக்கைவசமாகத் துளைபோட்டு, கட்டைவிரல் தடிமனில் துண்டு எடுப்பார்கள். கோர் என்போம். உருவுவதற்கு முன்னால் அதன் முதுகில் ஒரு கோடு கிழித்து, கோடு நெடுகச் சின்னச் சின்னதாக அம்புக்குறி போடவேண்டும், எங்கே வெட்டினாலும் திசை தெரியவேண்டும் என்பதற்காக. அம்பு இல்லாத கோர் வெறும் கல். எங்கள் நிலையத்தில் அம்பு வெளியே, துளைக்கிற ஆளைப் பார்த்து இருக்கும். வேறு சில ஆய்வகங்களில் மலைக்குள்ளே பார்த்து இருக்கும். இரண்டும் சரிதான், ஒன்றோடு ஒன்று கலக்காதவரை.

வெயிலும் மழையும் பட்ட வெளிமுனை துருவேறிப் பழுப்பாக இருக்கும். காந்தத்துக்கு அது ஆகாது. அதை வெட்டித் தள்ளிவிட்டு உள்ளே இருக்கிற சாம்பல் பகுதியைத்தான் அளப்பார்கள். வெட்டிய பழுப்பு முனைகளை எல்லா ஊரிலும் குப்பையில்தான் போடுவார்கள். எங்கள் நிலையத்தில் மட்டும் அவை மரத்தட்டுகளில் எண் போட்டு அடுக்கியிருந்தன. யார் வேலை என்று சொல்லவேண்டியதில்லை.

எங்களுக்கென்று ஒரு செங்குத்துச் சரிவு இருந்தது. ஒரு காலத்தில் கடலடி, இப்போது வெயிலில் காயும் களிப்பாறை. மயோசீன் காலத்துக்குள்ளே வரும் சின்னப் பிரிவுகளில் ஒன்று, அந்தச் சரிவின் இடுப்பில் எங்கேயோ ஆரம்பிக்கிறது. இப்படி ஒரு பிரிவு ஆரம்பிக்கும் இடத்தை உலகத்தில் ஒரே ஒரு பாறையில், ஒரே ஒரு அடுக்கில் ஆணியடித்துக் குறிப்பார்கள். பெயர் தங்க ஆணி. தங்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. தொடக்கத்துக்குத்தான் ஆணி, முடிவுக்குக் கிடையாது. அடுத்தது எங்கே தொடங்குகிறதோ அங்கே முந்தையது முடிந்ததாக எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். அந்த ஆணி நம் பாறையில் ஏறவேண்டும் என்பது இவருடைய ஆயுள்கால ஆசை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இவர் வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்த கையோடு சரிவுக்குப் போய், முன்பு துளைக்காமல் விட்டுப்போன ஓர் இடைவெளியில் துளைத்தார். அந்தத் தடவைதான் அதிசயம் கிடைத்தது. நேராகப் பார்க்கும் அடுக்குகளுக்கு நடுவில், ஒரு முழ உயரத்துக்கு மட்டும், தலைகீழாகப் பார்க்கும் மெல்லிய பட்டை. அதே அடுக்கில்தான் என் ஓடுகளிலும் ஒரு வகை முதல்முறையாகத் தலைகாட்டியது. எல்லையைக் குறிக்க இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். நானும்தான்.

டெர்ஷியரிக்கு மட்டும் ஏனோ மனசு ஒப்பவில்லை. அவன் பாட்டுக்குத் தனியாகப் போய், அந்தத் துளைகளுக்குப் பக்கத்திலேயே, அதே அடுக்கில் இரண்டு துளை போட்டு எடுத்துவந்து அளந்தான். இரண்டும் நேராகப் பார்த்தன. பட்டை இல்லை அண்ணா என்று போய்ச் சொன்னான். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆய்வகத்தில் பத்துப் பேர் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது சொன்னான். இவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கல் பையை மாற்றிக் கட்டியிருப்பாய், ஒழுங்காக ஒரு கல்லைக்கூட எடுக்கத் தெரியாது, குப்பை பொறுக்கத்தான் லாயக்கு, தம்பி என்பதால்தான் உன்னை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னென்னமோ சொல்லிவிட்டார். கடைசியாகச் சொன்னது, அண்ணன் பேர் வாங்குவது பொறுக்கவில்லை உனக்கு என்பது. நான் அங்கேதான் நின்றேன். குறுக்கே விழுந்து பேசினேன், காதில் ஏறவில்லை. அவன் கையில் இருந்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்து வாசலுக்குக் கீழே உள்ள பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டான் என்று காவலாளி வந்து சொன்னார். நான் இவரைப் பிடித்து உலுக்கினேன். போய்க் கூட்டிவாங்க, நீங்க கூப்பிட்டாத்தான் வருவான் என்றேன். போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பஸ் போயிடுச்சு என்றார். சரி, கோபம் தணிந்ததும் வந்துவிடுவான் என்று இருந்தோம். இருந்தோம், இருந்தோம், இருந்துகொண்டே இருந்தோம். அவன் படிப்பை விட்டான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக வண்டி வாங்கினான். அவன் கல்யாணம் எங்களுக்குச் சொல்லாமல் நடந்தது. அவன் பெண் கல்யாணத்துக்குச் சொல்லியனுப்பினான், இவர் கிளம்பவில்லை. மாமியார் சாவில் எதிரெதிரே நின்றார்கள். நாத்தனார்தான் அங்கேயும் இங்கேயும் சேதி சொல்லும் ஆள். எனக்கு மனசு ஆறவே இல்லை. பெருக்கும்போது ஒரு சாண் கயிறு கிடைத்தால்கூட அழுகை வரும்.

பட்டை மட்டும் வளர்ந்தது. அடுத்த மழையிலேயே அந்த இடம் சரிந்து மண் மூடிவிட்டது. பக்கத்துச் சரிவில் துளைத்த வெளிக்குழுவுக்கு ஒன்றும் தெளிவாகக் கிடைக்கவில்லை. மெல்லிய பட்டை, துளைக்குச் சிக்காமல் நழுவியிருக்கும் என்று இவரும் சொன்னார், அவர்களும் தலையாட்டினார்கள். கட்டுரைகள், மாநாடுகள், விவாதங்கள் என்று ஓடி ஓடி, கடைசியில் போட்டிக்கு இரண்டே பாறைகள் நின்றன. ஒன்று எங்களுடையது, இன்னொன்று வேறொரு நாட்டில் இருப்பது. ஆணி எங்கே என்று முடிவுசெய்யும் உலகக் கமிட்டி உறுப்பினர்கள் ஓட்டுப் போடவேண்டும். எங்கள் பக்கம்தான் காற்று வீசுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் அப்போது பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், நிலையத்தில் ஒரு மூலையும் ஒரு நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஓட்டுக்கு முன்னால் கமிட்டிச் செயலாளர் அம்மா எனக்கு ஒரு வேலை வைத்தார். பட்டைக்குள்ளே என் ஓடுகள் எத்தனை வகை என்று இன்னொருமுறை எண்ணித்தர முடியுமா என்று கேட்டார். சரிவு மண்ணுக்குள் கிடக்கிறது, புதிய கல்லுக்கு எங்கே போவது? அப்போதுதான் கிடங்கில் இருந்த பழுப்பு முனைகள் ஞாபகம் வந்தன. காந்தத்துக்கு ஆகாவிட்டாலும் எனக்கு ஆகும். துருவேறிய கல் சீக்கிரம் ஊறும், ஓடு சுலபமாகக் கழன்று வரும். பட்டைக்குரிய தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்து, ஒரு முனையைத் தண்ணீரில் போடப் போனேன். கை நின்றுவிட்டது.

ஒரு பக்கம் பழுப்பு, மழை அரித்த மேடுபள்ளம். மறுபக்கம் ரம்பத்தால் வெட்டிய சாம்பல் வழவழப்பு. அம்பு சாம்பலைப் பார்த்தது. மலைக்குள்ளே பார்த்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. அந்தத் தட்டில் இருந்த அத்தனையும் அப்படியே. ஓடிப்போய் மற்ற தட்டுகளை இழுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அம்பு ஒழுங்காகப் பழுப்பைப் பார்த்தது. இந்த ஒரு தட்டில் மட்டும் உள்ளே பார்க்கிறது. ஆய்வகத்தில் அளந்தவர்கள் அம்பு வெளியே பார்க்கிறது என்று வைத்து அளந்திருக்கிறார்கள். வடக்கு தெற்காகிவிட்டது. வேறு இடமாக இருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். மற்ற இடங்களில் காந்தம் தரைப்பக்கம் சாய்ந்தும் நிற்கும், அந்தச் சாய்வு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கல் படிந்தது பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், அங்கே சாய்வே கிடையாது. பட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. அவன் சொன்னது சரி, அதுதான் முதலில் தோன்றியது.

தட்டோடு போய் இவர் மேசையில் வைத்தேன். இவர் ஒரு முனையை எடுத்தார், எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல நாக்கால் தொட்டு ஈரமாக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அம்பைப் பார்த்தார். அதன் வாலில் சின்னதாக ஒரு குறுக்குக்கோடு இருந்தது. டெர்ஷியரி அம்பு போட்டால் வாலே இருக்காது, ஒரே இழுப்பு.

"இது என் கை," என்றார். "அங்க மூணு மாசம் இப்படித்தான் போட்டேன். பழக்கத்துல வந்துடுச்சு."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இதுதான்:

"ஓட்டு முடிஞ்சு ஆணி அடிச்சுட்டா, பத்து வருஷத்துக்கு யாரும் அதுல கை வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

விதி இருப்பது உண்மைதான். எல்லையை மாற்றிக்கொண்டே இருந்தால் உலகம் குழம்பிப்போகும் என்று வைத்த விதி. இவர் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீங்க போய்ச் சேருவீங்க, நான் இருந்து பதில் சொல்லணுமா என்று கேட்டேன். பத்து வருஷம் கழித்து எவளோ ஒருத்தி என்னைப்போலவே ஒரு முனையைத் தண்ணீரில் போடப் போவாள், அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்றேன். இல்லாத பட்டைக்கு ஆணி அடித்துவிட்டு இருந்த தம்பியை விட்டுவிட்டீர்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அவர் முனைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப அடுக்கினார், எண் வரிசை பிசகாமல்.

அடுத்த நாள் காலையில் அவரே செயலாளர் அம்மாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். குழைவு இல்லை, சாக்கு இல்லை. என்னுடைய அம்பு தவறு, பட்டை கிடையாது, எங்கள் பாறையைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்கிறோம் என்றார். அந்த அம்மா தட்டில் உள்ளவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார், இந்த நேர்மையை எல்லோரும் மதிப்பார்கள் என்றும் சொன்னார். இவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அத்தனை வருஷத்து ஓட்டம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் சப்பென்று முடிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, அவன் இப்போ எங்க வண்டி போட்டிருக்கான்னு தங்கச்சிகிட்ட கேளு என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் முனைகள் உருளாமல் கையால் பொத்திக்கொண்டார். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். இருக்கிறதைச் சொல்கிறேன் என்றார். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரோட்டோரம் பஸ் நிறுத்தம். அதற்கு மேலே ஒரு மேட்டில் வண்டி நின்றது. கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் காது அடைத்தது. துளையிலிருந்து வெள்ளைப் புழுதி பீய்ச்சியடித்து, வேலை செய்த ஆட்கள் எல்லோரும் மாவில் புரண்ட மாதிரி இருந்தார்கள். அதில் யார் என் கொழுந்தன் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. ஒருவன் மட்டும் குனிந்து, துளையிலிருந்து வந்த கல்பொடியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். அதற்குமேல் யாரும் அடையாளம் காட்டவேண்டியிருக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னான். தலை முழுக்க நரைத்திருந்தது, எது புழுதி எது நரை என்று தெரியவில்லை. வாங்க அண்ணி என்றான். அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். உட்கார ஒரு பலகையைத் துடைத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன், இவர் உட்காரவில்லை. தட்டை நீட்டினார். சொல்லவேண்டியதை நாலு வரியில் சொன்னார். என் அம்பு, என் தப்பு, உன்மேல் போட்டுவிட்டேன், நேற்று பாறையைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டேன்.

அவன் ஒரு முனையை எடுத்துப் புரட்டினான். பழுப்பைத் தடவினான். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன், குறைந்தபட்சம் ஒரு சந்தோஷமாவது முகத்தில் தெரியும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அம்பாத்தான் இருக்கும்னு அன்னைக்கு ராத்திரியே எனக்குத் தோணுச்சு அண்ணா," என்றான். "காலையில கிடங்குக்குப் போய் இந்த முனையெல்லாம் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன். நீ வந்தா சொல்லலாம்னு. முதல் பஸ்ஸை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீ வரலை."

பஸ் போயிடுச்சு என்று இவர் என்னிடம் சொன்னது காதில் அப்படியே கேட்டது. நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

"வந்தேன்டா," என்றார். "வாசல் படிக்கட்டு வரைக்கும் வந்தேன். நீ பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது தெரிஞ்சுது. இறங்கக் கால் வரலை. திரும்பிப் போய் இவகிட்ட பஸ் போயிடுச்சுன்னு பொய் சொன்னேன்."

முப்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே தட்டு முட்டுச் சாமானோடு வாழ்கிறோம். இதை அந்த மேட்டில் அன்றைக்குத்தான் கேட்கிறேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. பன்னிரண்டு படி இருக்குமா அங்கே? கல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாறையெல்லாம் ஏறி இறங்கத் தெரிந்த மனுஷனுக்கு அந்தப் படி இறங்க முடியவில்லையா என்று ஆத்திரம்தான் வந்தது. அதைச் சொல்லும் இடம் அதுவல்ல என்று வாயை மூடிக்கொண்டேன், என் ஆயுளில் அது அபூர்வம்.

கொழுந்தன் நிமிரவில்லை. முனையைக் கையிலேயே வைத்திருந்தான். அப்போ ஆணி அந்த இன்னொரு பாறைக்குத்தானா என்று கேட்டான். ஆமாம் என்றார் இவர். அதுவும் நல்ல பாறைதான் என்று படித்தேன் என்றான் அவன். கிணறு தோண்டுகிறவன் இந்தக் கட்டுரையெல்லாம் இன்னும் தேடிப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வீட்டுக்கு வாடா என்றேன். பரண் அப்படியே இருக்கிறது, பேலியோசீன் கலையாமல் இருக்கிறது என்றேன். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பார்க்கலாம் அண்ணி என்றான்.

பிறகு, தண்ணி இன்னும் வரலை, துளைக்கிற ராடு உள்ளே மாட்டிக்கும், நிறுத்தி வைக்கமுடியாது என்றான். கிளம்புங்கள் என்று அவன் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. தட்டை அண்ணன் கையில் திரும்பக் கொடுத்தான். ஒரே ஒரு முனையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குப் போனான்.

கீழே இறங்கி நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மேலே சத்தம் ஆரம்பித்துவிட்டது. பஸ் வந்தது, நான் எழுந்தேன். இவர் எழவில்லை. அடுத்ததில் போகலாம் என்றார். அடுத்தது வந்தது, அதையும் விட்டார். நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்து போய்விட்டது, வெயில் முகத்தில் அடித்தது, இவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மேட்டையே பார்த்தபடி இருந்தார்.

அப்போது சத்தம் நின்றது. மேட்டின் விளிம்பில் வெள்ளையாக ஓர் ஆள் வந்து நின்றான். அவன்தான். எங்களைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன். ஒரு காலை எடுத்துச் சரிவில் வைத்தான். இவர் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். மேலே யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கொஞ்சநேரம் அப்படியே நின்றான். பிறகு காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். மறுபடி இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

"கால் வரலை அவனுக்கு," என்றார் இவர். குரலில் கோபம் இல்லை. தெரிந்த ஆள் சொல்வதுபோல் சொன்னார்.

அடுத்த பஸ் வந்து நின்றது. அதையும் விடத்தான் பார்த்தார். நான்தான் தட்டை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து ஏற்றினேன்.